கல்லை முழுதும் படிப்போம்

நாட்டு வரலாறு என்னும் பெயரால் நம் பள்ளிகளில் ஓதப்படுவது பெரும்பாலும் மன்னர் வரிசைதான். எவனுக்குப்பின் எவன் முடிசூடினான், எந்தக் களத்தில் எவன் வென்றான், எந்தக் கோபுரத்தை எவன் எழுப்பினான் – இவற்றை உருப்போட்டுத் தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு வெளியே வரும் மாணவனை நிறுத்தி, “தம்பி! நீ நாள்தோறும் கடந்துசெல்லும் கோயிற்சுவரில் வெட்டியிருக்கும் எழுத்துகள் என்ன கூறுகின்றன?” என்று கேட்டால், திகைத்து நிற்கிறான். அவனைக் குறைகூறுவதற்கில்லை. கற்பித்தவருக்கும் அது தெரியாது. அதையும் கற்பிக்க வேண்டுமென்று எவரும் அவரிடம் சொன்னதுமில்லை.

தெரிந்தவர்கள் இல்லாமற் போகவில்லை. ஊர்தோறும் சிலர் இருக்கிறார்கள். ஆசிரியர், அஞ்சல் ஊழியர், மருத்துவர், உழவர் என்று பல தொழில் புரிவோர், ஓய்வு நாளில் புதர் நீக்கிக் கல் தேடுகிறார்கள். கழகம் என்றும் நடுவம் என்றும் மன்றம் என்றும் பெயரிட்டுக்கொண்டு, கையிலுள்ள காசைப் போட்டு, கண்டதை எழுதி வைக்கிறார்கள். தமிழகத் தொல்லியல் கழகம் 1991ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஆவணம்’ இதழில் இத்தகையோர் கண்டெடுத்த கல்வெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. திருச்சிராப்பள்ளியில் கண் மருத்துவர் கலைக்கோவன் தம் தந்தையார் மா. இராசமாணிக்கனார் பெயரால் நிறுவிய வரலாற்றாய்வு மையம் கோயில் கோயிலாகச் சென்று படித்து எழுதிய நூல்கள் ஓர் அலமாரியை நிறைக்கும். இவ்வளவும் வகுப்பறையின் வாயிற்படியைத் தாண்டியதில்லை என்பதே நம் வருத்தம்.

தாண்டினால் என்ன ஆகும்? ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்.

உத்திரமேரூர்! பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகள் அங்கே வைகுந்தப்பெருமாள் கோயிற்சுவரில் இருக்கின்றன. குடவோலை முறையில் தேர்தல் நடந்தது, மக்களாட்சி நம் மண்ணில் அன்றே மலர்ந்தது என்று பாடம் சொல்லப்படுகிறது. மாணவன் மார்தட்டிக்கொண்டு வீடு திரும்புகிறான். இனி, பாடநூலை மூடிவிட்டு, அந்தக் கல்வெட்டின் வாசகத்தை அவன்முன் விரித்து வைப்போம்.

ஊரின் பெயரிலேயே முதற்செய்தி இருக்கிறது. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் – நான்மறை ஓதும் பார்ப்பனர்க்கு விடப்பட்ட பிரமதேயம். அந்த ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். வாரியத்துக்கு நிற்கத் தகுதி யாருக்கு? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்கவேண்டும். வயது 35க்குமேல், 70க்குள். மறையும் அதன் பிராமணமும் கற்று, பிறர்க்கு ஓதுவிக்க வல்லவனாகவும் இருக்கவேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால், ஒரு வேதத்தோடு பாடியம் ஒன்றும் கற்றிருந்தால் இடமுண்டு. நிலத்தில் குறைந்ததை மறையால் ஈடுசெய்யலாம். மறையில் குறைந்ததை எதனால் ஈடுசெய்வது என்று கல்லில் இல்லை!

பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுத்த ஓலையை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டுமென்றுகூட விதித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, கள்ளம் புகக் கூடாது என்ற கவலை தெரிகிறது. ஆனால், அந்த ஊர் ஏரியில் மண் சுமந்தவன் பெயர் குடத்துக்குள் விழுந்ததா? களை பறித்தவள் பெயர்? பெண் என்ற பேச்சே அங்கு எழவில்லை.

உடனே, “அப்படியானால் உத்திரமேரூர் வெறும் பொய்தானா?” என்று சில தோழர்கள் கேட்பர். அப்படிச் சொல்வதும் கல்லைப் பாதியில் மூடுவதேயாகும். மேலும் படிக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரமுடியாது; அவன் மட்டுமா, அவனுடைய சிற்றன்னை, பேரன்னை மக்களும் அத்தை மாமன் மக்களும் இன்னும் பல உறவினரும் வரமுடியாது என்று முறைவைத்துப் பட்டியலிட்டிருக்கிறது. மூன்றாண்டுகளுக்குள் பதவியில் இருந்தவனுக்கும் இடமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்ட அந்த நெஞ்சுரத்தைப் பாராட்டத்தான் வேண்டும். யாருக்கு அந்த உரிமை இருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே வகுப்பில் ஒரே கல்லிலிருந்து படிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை, அதன்பின் எந்தப் பாடநூல் வரியையும் “முழுதும் இவ்வளவுதானா?” என்று கேட்காமல் விடமாட்டான்.

தஞ்சைக்கு வருவோம். இராசராசன் 1010இல் முடித்த பெருங்கோயிலின் உயரத்தைச் சொல்லாத பாடநூல் இல்லை. அதே கோயிலின் சுவரில், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் எவ்வெந்த நிலத்துக்கு வரியில்லை என்ற விளக்கம் வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால் என்று எண்ணிக்கொண்டே வரும் அப்பட்டியலில் பறைச்சேரி வருகிறது. தீண்டாச்சேரி என்றே ஒரு சொல் வருகிறது. சுடுகாடும் சாதிக்கொன்றாக வருகிறது. எரியும் பிணத்துக்கும் எல்லை வகுத்த செய்தியை, அரசனின் அலுவலர் வெட்கமின்றி, வெறும் நில அளவைக் குறிப்பாகவே பொறித்துச் சென்றிருக்கிறார்! தீண்டாமையைப் பற்றி ஆசிரியர் ஒருமணி நேரம் சொற்பொழிவாற்றலாம். அந்த ஒரு சொல்லை, அது வெட்டப்பட்ட எழுத்திலேயே, மாணவன் தானே கூட்டிப் படிக்கும்போது உண்டாகும் அமைதி வேறு. தன் பாட்டன் வாழ்ந்த தெருவை அதில் அடையாளம் காணும் பிள்ளைகள் அந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

மன்னர் அல்லாதார்க்கும் கல்லில் இடமுண்டு என்பதை நடுகற்கள் காட்டுகின்றன. செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இலேயே நூலாக்கியது. ஆநிரை மீட்டு இறந்தவர், புலியோடு பொருது இறந்தவர் எனப் பெயர்தெரிந்த எளியோர் அவற்றில் பலர். எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல்லொன்று, தலைவன் வீழ்ந்தபின் கள்வரைக் கடித்துக் காத்துநின்ற நாயையும் உருவம் செதுக்கிப் போற்றுகிறது. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த கற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுடையது. எழுத்தோ பழந்தமிழ் எழுத்து, ஆளோ அரசனல்லன்.

கல்லைப் படியெடுப்பதும் பெருவித்தை அன்று. கல்லைத் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்தில் இறக்கி, மைதோய்ந்த பொதியால் ஒற்றினால், கருமைக்கு நடுவே எழுத்து வெள்ளையாக மேலெழும். உரிய ஒப்புதலோடு, பழகியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் பிள்ளைகளே செய்வர். சோழர் காலத் தமிழெழுத்தைச் சில வாரப் பயிற்சியில் கூட்டிப் படிக்கலாம். அந்தப் பழகியவர்தான் உள்ளூர்க் கழகத்தில் இருக்கிறார். அவரை அழைப்பதற்குத் தலைமையாசிரியரின் ஒரு மடல் போதும்.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. உள்ளூர் வரலாறு எழுதுவோர் எல்லாரும் நடுநிலையாளர் அல்லர். ஒரு நடுகல் கிடைத்துவிட்டால், அது எம் சாதி வீரனுடையது என்று மாலையிட்டு விழா எடுப்போரைக் காண்கிறோம். கல்லில் இல்லாத குலப்பெயரை உரையில் நுழைப்போரும் உளர். அவர்களை வகுப்பறைக்கு அழைத்து வந்தால் பழைய மன்னர் புராணம் போய்ப் புதிய சாதிப் புராணம் வந்து சேரும். இதற்கு மருந்து, எவர் விளக்கத்தையும் அல்லாமல், மைப்படியையே மேசைமேல் வைப்பதுதான். கல்லில் இந்தச் சொல் எங்கே என்று மாணவன் கேட்கட்டும். காட்ட முடியாதவர் வாய்மூடுவார்.

பள்ளி கொடுக்கவும் வல்லது. 1970களில் கீழடிப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் ஒருவர், கிணறு வெட்டிய இடத்தில் கிடைத்தனவென்று பிள்ளைகள் கொண்டுவந்த பொருள்களின் பழைமையை உணர்ந்து அலுவலர்க்குத் தெரிவித்தார். அங்கே முறையான அகழாய்வு தொடங்க 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. 2019இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை அவ்விடத்தின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுசென்றது. இடையில் கழிந்த நாற்பது ஆண்டுகளில் அப்பக்கத்தில் எத்தனை குழி தோண்டப்பட்டது, எத்தனை பானையோடு செங்கற்சூளைக்குப் போயிற்று என்று எவர் கணக்குச் சொல்வார்? இராமநாதபுரம் மாவட்டத் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அமைத்துப் பிள்ளைகளுக்குக் கல்வெட்டுப் படிக்கப் பயிற்சி அளித்தார்கள். தம் ஊர்ப்புறத்தில் கிடைத்த ஓடுகளையும் காசுகளையும் அம்மாணவர்களே கொண்டுவந்து சேர்த்தார்கள். அரசுப் பள்ளியில் முடிந்தது ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிகளில் ஏன் முடியவில்லை என்பது பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி.

காலம் நமக்காகக் காத்திராது. திருப்பணி என்ற பெயரில் மணல்வீசித் தேய்த்ததில் எழுத்து மழுங்கிய சுவர்கள் உண்டு. கல்லையே புரட்டிப் படிக்கட்டாகப் போட்ட இடங்களும் உண்டு. அவ்வாறு அழிந்தவற்றின் வாசகம் பழைய மைப்படிகளில் மட்டுமே உயிரோடிருக்கிறது. நடுவண் அரசின் கல்வெட்டுத்துறை அலுவலகம் 1966இல் உதகையிலிருந்து மைசூருக்குப் போனபோது தமிழ்ப் படிகளும் உடன் சென்றன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் ஆணையிட்டது. எந்த ஊரில் எந்தக் கல்வெட்டு எந்த ஆண்டு படியெடுக்கப்பட்டது என்பதை, 1887 முதல் வந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகள் ஊர்வாரியாக எண்ணிட்டுக் காட்டுகின்றன. தன் ஊரின் எண்ணைத் தேடிக் குறித்து, நகல் வேண்டி மடல் எழுதும் வேலையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.