கரித்தூசி இடம் மாறிய வரலாறு

ஊர்க் காற்று சேரிக்குப் போகலாம், சேரிக் காற்று ஊருக்குள் வரக்கூடாது. அந்தக் கணக்கில்தான் சேரிக்கு இடம் ஒதுக்கினார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். நகரத்தில் அந்தக் கணக்கைப் போடுவது யார்? சென்னையில் நிலக்கரி வந்து இறங்கிய இடங்களை வைத்துப் பார்ப்போம், தோழர்களே.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் நெடுங்காலம் திறந்தவெளியில் குவிக்கப்பட்டன. பகலில் கடல்காற்று அடிக்கும்போது அந்தத் தூசி ராயபுரம் பக்கத்து வீடுகளுக்குள் போனது. வழக்கு நடந்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம், இவ்விரண்டையும் அங்கே கையாளக் கூடாது, எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றுங்கள் என்று உத்தரவிட்டது. (அந்த நீதிமன்றமும் துறைமுகத்துக்கு எதிரில்தான் இருக்கிறது.) ராயபுரத்து மக்கள் கேட்டதில் தவறே இல்லை. ஆனால் போய்ச் சேரும் இடத்திலும் வீடுகள் உண்டே!

எண்ணூருக்கு நிலக்கரி புதிதல்ல. 1970இல் அங்கே அனல் மின் நிலையம் வந்தது, 1994இல் வடசென்னை அனல் மின் நிலையம், 2001இல் துறைமுகம். இந்திய நிலக்கரியில் எடைக்கு 30 முதல் 40 சதவீதம் வரை சாம்பல்தான். எரித்தபின் அது அருகிலுள்ள குளங்களில் கொட்டப்படுகிறது. குளம் காய்ந்தால் சாம்பல் பறக்கும். சுற்றிலும் இருப்பவர்கள் மீனவர்கள், தலித்துகள், கூலித் தொழிலாளர்கள்.

வீட்டுக்குள் போனால் தப்பித்துவிடலாமா? பெரிய தூசி பாத்திரத்தின் மேல் படியும், துடைத்துவிடலாம். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. கண்ணுக்குத் தெரியாது, எளிதில் படியவும் படியாது. ஓலைக்கும் சுவருக்கும் நடுவே, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் வளைவுக்குக் கீழே, கதவிடுக்கில் என்று எங்கும் நுழைந்துவிடும். படிந்த தூசியை விளக்குமாற்றால் பெருக்கினால் திரும்ப எழும்பும். பெருக்குகிற பெண்ணும் தரையில் தவழும் குழந்தையும்தான் அதை அதிகம் சுவாசிக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் சாம்பல், மூடினால் விறகடுப்புப் புகை. இறுக்கி மூடும் ஜன்னலும் காற்று வடிகட்டும் கருவியும் வாங்க முடிந்தவர்களுக்குத்தான் "வெளிக்காற்று", "உள்காற்று" என்ற பிரிவே.

சட்டமோ வெளிக்காற்றை மட்டுமே அளக்கிறது. 2009இல் அறிவித்த தேசியத் தரத்தின்படி, இந்த நுண்துகள் ஒரு கன மீட்டரில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த அளவு 5. படுக்கையறையில் எவ்வளவு என்று இந்தத் தரம் கேட்பதில்லை.

பழைய எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டது. வடசென்னை நிலையமும் பின்னால் வந்த வல்லூர் நிலையமும் அதே சுற்றுவட்டாரத்தில்தான் நிலக்கரியை எரிக்கின்றன.