தார்: மரத்திலிருந்து வந்த சொல்

தமிழில் 'தார்' இரண்டு. மன்னர் மார்பில் அணிந்த மாலை பழந்தமிழ்த் தார். சாலைக்குக் காய்ச்சும் கறுப்புக் குழம்பின் பெயர் 'டார்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒலியைத் தவிர உறவில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் மரம். மரத்தைக் குறிக்கும் 'ட்ரீ' என்ற சொல்லும், 'தேவதாரு'வில் உள்ள 'தாரு' என்ற வடசொல்லும் அதே வேரில் கிளைத்தவை. காரணம் எளியது: தார் முதலில் மரத்திலிருந்தே எடுக்கப்பட்டது. பின்லாந்தில் முன்பு, நிற்கும் பைன் மரத்தின் பட்டையை உரித்துச் சில ஆண்டுகள் விட்டுவைப்பார்கள். காயத்தை மூட மரம் பிசினைச் சுரக்கும். பிறகு வெட்டிப் பிளந்து, புனல் போன்ற குழியில் அடுக்கி, புல்தரைக் கட்டிகளால் மூடி, பல நாள் புகைய விடுவார்கள். அடியிலுள்ள குழாய் வழியே தார் பீப்பாயில் இறங்கும். பீப்பாய்கள் நீண்டு ஒடுங்கிய படகுகளில், ஆற்றின் வேகச் சரிவுகளைத் தாண்டி ஔலு துறைமுகம் சேர்ந்தன.

மரக்கப்பலுக்குத் தார் உயிர்நாடி. கயிறு இற்றுப்போகாமலும் பலகை இடுக்கில் நீர் கசியாமலும் காத்தது அதுவே. வட ஐரோப்பாவில் போர் மூண்டு வரத்து நெருக்கடியானபோது, 1705இல் இங்கிலாந்து தன் அமெரிக்கக் குடியேற்றங்களின் தாருக்கு டன்னுக்கு 4 பவுண்டு ஊக்கத்தொகை அறிவித்தது. மாலுமிக்கே 'டார்' என்று பெயர் விழுந்தது. தார் பூசிய துணி 'டார்பாலின்' ஆயிற்று. தமிழர் அதைத் 'தார்ப்பாய்' என்று அழகாகத் தம் சொல்லாக்கிக்கொண்டனர்.

19ஆம் நூற்றாண்டில் நிலக்கரியிலிருந்து விளக்கெரிக்கும் வாயு எடுத்தபோது கழிவாக மிஞ்சிய குழம்புக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கழிவிலிருந்து கிடைத்த அனிலினை ஆராய்ந்த வில்லியம் பெர்க்கின், 1856இல் ஊதா நிறச் செயற்கைச் சாயத்தைக் கண்டார். உலைக் கசடும் நிலக்கரித் தாரும் கலந்து சாலை போடும் முறைக்கு 1902இல் எட்கர் ஹூலி காப்புரிமை பெற்றார். நிலக்கரித் தார் புற்றுநோய் உண்டாக்கும் என்பதை 1915இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முயல்களின் காதில் தடவி நிறுவினர். இன்றைய 'தார்ச்சாலை'யில் இருப்பது கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் தங்கும் பிட்டுமன். பொருள் இருமுறை மாறியும் பெயர் மாறவில்லை.

தமிழில் இதற்கு முன்பே 'கீல்' உண்டு. நோவாவின் பேழைக்குப் பூசியதாகத் தமிழ் விவிலியம் சொல்வதும் கீலையே. ஆனால் சாலையோடு வந்த சொல் அதை ஓரங்கட்டிவிட்டது. 1950களில் ரயில் நிலையப் பலகைகளின் இந்தி எழுத்துகளைத் திராவிட இயக்கத்தினர் அழித்தபோது, அவர்கள் கையில் இருந்தது தார்ச்சட்டி. அந்தச் சொல்லும் அயல்மொழி தந்ததுதான்; ஆனால் அதற்குள் அது தமிழாகியிருந்தது.