ஜகாட்: ஒரு தோட்டத்துச் சொல்லின் தடம்

மலேசியத் தமிழ் வீடுகளில் ‘ஜகாட்’ என்ற சொல்லுக்கு யாரும் பொருள் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரத்தில் கல்லெறிந்தவன் ஜகாட். பள்ளிக்கு மட்டம் போட்டவன் ஜகாட். பெரியவர் பேசும்போது மறுபேச்சு பேசியவன் ஜகாட். காவல் நிலையத்தில் இரவைக் கழித்துவிட்டு வந்தவனும் ஜகாட்தான். எட்டு வயதுச் சேட்டையையும் இருபத்தெட்டு வயதுக் குண்டர்தனத்தையும் ஒரே சொல்லால் அழைக்கப் பழகிவிட்டோம். இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாள் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்துத் தம் படத்தை 2015 டிசம்பர் 17 அன்று வெளியிட்டபோது, இங்குள்ள தமிழர் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர் இதை வடமொழி ‘ஜகத்’தோடு சேர்த்துவிடக்கூடும். உலகத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. ரோமன் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் வரும் மயக்கம் அது. ஜகாட்டின் தாய் மலாய் மொழியின் ‘ஜஹாட்’. கெட்டது, தீயது என்று பொருள். மலாய்ச் சொல்லில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஹகரம் வந்தால் நம் நாக்கு அதைக் ககரமாக்கிக்கொள்ளும். பஹாங் மாநிலம் நமக்குப் பகாங். ஜொஹோர் நமக்கு ஜொகூர். கடைசியில் வரும் ஹகரமோ உதிர்ந்துபோகும். ரப்பரைக் குறிக்கும் ‘கெத்தஹ்’ கித்தா ஆனதும், ஈப்போவின் பெயரில் கடைசி மூச்சொலி காணாமல் போனதும் அப்படித்தான். ஆகவே ஜகாட் யாரோ வாய் தவறிச் சொன்ன கொச்சை இல்லை. பகாங்கும் ஜொகூரும் பிறந்த அதே ஒலிவிதியில் பிறந்த முறையான மலேசியத் தமிழ்ச் சொல்.

ஜஹாட்டின் சொந்தபந்தம் பெரியது. மடகாஸ்கரில் கெட்டதைச் சொல்லும் ‘ராட்ஸி’, பிஜி மொழியின் ‘தா’ இரண்டும் அதே ஆஸ்திரோனேசிய வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர் கணிப்பு. கரும்புத் தோட்டங்களுக்காகப் பிஜிக்குக் கப்பலேறிய தமிழர்களும், கித்தாத் தோட்டங்களுக்காகக் கிள்ளானுக்கு வந்த தமிழர்களும், ஒரே வேரின் இரண்டு கிளைகளைக் காதில் வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சொல்லை ஏன் கடன் வாங்கினோம்? புதிய நாட்டில் புதிய பொருளுக்குப் புதிய பெயர் வேண்டியிருக்கும். கித்தா வந்தது, பாராங் கத்தி வந்தது, பள்ளியில் பிரம்புக்கு ரோத்தான் வந்தது; எல்லாம் கையால் தொடக்கூடியவை. ஒருவன் நல்லவனா கெட்டவனா என்று தீர்ப்புச் சொல்ல நம்மிடம் சொற்பஞ்சம் இருந்ததில்லை. போக்கிரி, துஷ்டன், அடங்காதவன், தறுதலை என்று எத்தனையோ இருக்க, தீர்ப்புச் சொல் வெளியிலிருந்து வந்ததை வேறு விதமாகப் பார்க்க வேண்டும்.

தோட்டத்துக்குள்ளே ஆட்சிமொழி தமிழ்தான். கங்காணியும் கிராணியும் இருக்கட்டும், வெள்ளைக்காரத் துரையே தமிழ் கற்றுக்கொண்டுதான் வேலை வாங்கினார். அதற்கென்றே ‘கூலித் தமிழ்’ சொல்லித்தரும் கையேடுகள் அச்சாயின. திட்டும் வேலைநிறுத்த மிரட்டலும் தமிழிலேயே நடந்த இடம் அது. மலாய், தோட்டத்து வாசலுக்கு வெளியே இருந்த மொழி. சந்தையில், பேருந்தில், போலீஸ்காரர் வாயில், கச்சேரி வாசலில் கேட்ட மொழி. ஜகாட் அங்கிருந்துதான் உள்ளே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிள்ளையைப் பார்த்து அம்மா ஜகாட் என்று சொன்னபோது, வாசலுக்கு வெளியே இருப்பவன் நாளை இவனை என்ன சொல்லி அழைப்பான் என்ற பயமும் அதில் கலந்திருந்தது. மலாய்க்காரரிடம் இதற்கு இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. குறும்பு செய்யும் பிள்ளை ‘நாக்கால்’, தீமை செய்பவன் ‘ஜஹாட்’. நாமோ இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, முதலாவதின் வேலையையும் அதன் தலையிலேயே கட்டிவிட்டோம்.

சொல் ஒரு பக்கம் இருக்கட்டும். அது சுட்டும் ஆள், அடங்க மறுக்கும் தமிழ் இளைஞன், இந்த மண்ணில் எப்போதும் குண்டர் கும்பலில் இருந்தவனில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்களை நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் தொடங்கி மே வரை நீடித்த அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்காமல் போவதுதான் அன்றைய கலகம். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். ஆங்கிலேய அரசு அவரைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நிர்வாகத்தின் கண்ணில் அவர்கள் கலகக்காரர்கள். இன்று நாம் அவர்களை மரியாதையோடு நினைக்கிறோம். அடங்காமை என்ற ஒரே குணம், அதற்கு ஒரு அமைப்பும் கோரிக்கையும் கிடைத்தபோது வரலாறாயிற்று என்பதை மறக்கக் கூடாது.

அடுத்து வந்த பத்தாண்டுகளில் அந்த அமைப்பு நின்ற நிலமே கைமாறியது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலாம் நகரமானது. பேராங் புசார் தோட்டமும் அதன் அக்கம்பக்கமும் நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவாயின. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் மரம் வெட்டப்பட்டது, லயம் இடிக்கப்பட்டது. பால் வெட்டத் தெரிந்தவர்கள் நகரோரப் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக் குடியேறினார்கள். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் விளையாட்டுத் திடலும் நடந்தே போகும் தூரத்தில் இருந்த வாழ்க்கை போய், லோரி ஓட்டுநர், பாதுகாவலர், தொழிற்சாலைத் தினக்கூலி என்று ஆளுக்கொரு திசையில் சிதறிய வாழ்க்கை வந்தது. பையன்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. தெருவில் கும்பல்காரர்கள் இருந்தார்கள், அந்தக் கும்பல்களுக்குச் சீன இரகசியச் சங்கங்களின் வழியில் வந்த எண்களே பெயர். தலைவனைக் குறிக்கும் ‘தைக்கோ’வும் சீன மொழியிலிருந்து வந்தது. 2013-இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினர்களில் ஏறக்குறைய 71 விழுக்காட்டினர் இந்தியர் என்றது. நாட்டு மக்களில் நாம் பத்து விழுக்காடுகூட இல்லை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

சஞ்சயின் படம் நிற்பது இந்த இடைவெளியில். தொண்ணூறுகளின் தொடக்கம், தோட்டத்தை இழந்த ஒரு புறம்போக்குக் குடியிருப்பு, பன்னிரண்டு வயது அப்போய். அப்பா மணியத்துக்கு அவன் படித்தே ஆக வேண்டும். ஒரு சித்தப்பா துரை, கும்பலில் இருப்பவர். இன்னொருவர் பாலா, போதைப் பழக்கத்தில் விழுந்து எழுந்தவர். கும்பல்காரருக்குத் துரை என்று பெயர். நம்மிடையே சாதாரணமாக வைக்கும் பெயர்தான். ஆனாலும் துரை என்றாலே வெள்ளைக்கார முதலாளி என்று கேட்டுப் பழகிய தோட்டத்துக் காதுக்கு, அந்தப் பெயர் பையனின் கண்ணில் அதிகாரம் எங்கே இடம்பெயர்ந்தது என்பதைச் சொல்லிவிடும்.

அப்போயின் வயதைக் கவனிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பன்னிரண்டு வயதில் தமிழ்ப் பிள்ளை யுபிஎஸ்ஆர் தேர்வை எழுதி, மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. மலாய் போதாதவர்கள் அதற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்தார்கள். வீட்டில் ககரத்தோடு கேட்ட சொல்லை அங்கே ஹகரத்தோடு கேட்பான். வீட்டில் அம்மா கோபத்தில் சொன்னது, அங்கே ஒழுங்கு அறிக்கையில் ஏறும். அந்த வாசலில் தடுமாறியவர்களைத்தான் தெருவில் இருந்தவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஜப்பான் நினைவுக்கு வருகிறது. போருக்குப் பிந்தைய ஜப்பானிலும் அடங்காத இளைஞர்களுக்கு ஒரு சொல் பிறந்தது: ‘தாய்யோஸோகு’, சூரியக் குலம். 1956 தொடக்கத்தில், பல்கலைக்கழக மாணவராக இருந்த இஷிஹாரா ஷிந்தாரோ ‘சூரியனின் பருவம்’ என்ற கதைக்காக அகுதகாவா பரிசு பெற்றார். கடற்கரை, பாய்மரப் படகு, ஈரமில்லாத காதல், பெற்றோர் பேச்சைக் கேட்காத பணக்காரப் பிள்ளைகள். விமர்சகர் ஓயா சோயிச்சி அவர்களுக்குச் சூட்டிய பெயர்தான் சூரியக் குலம் என்பார்கள். நிக்காட்சு நிறுவனம் அதே ஆண்டு அந்தக் கதையைப் படமாக்கியது. தொடர்ந்து நாகாஹிரா கோ இயக்கிய ‘பித்தேறிய கனி’ வந்தது. எழுத்தாளரின் தம்பி இஷிஹாரா யூஜிரோ அதில் நடித்துப் பெரும் நட்சத்திரமானார். டாய்யெய் நிறுவனத்துக்காக இச்சிகாவா கோன் ‘தண்டனை அறை’யை எடுத்தார். பெற்றோரும் ஆசிரியர் சங்கங்களும் கொதித்தெழுந்தார்கள். திரைத்துறைக்காரர்களே நடத்திவந்த எய்ரின் என்ற தணிக்கை அமைப்பு, வெளியாட்களைச் சேர்த்துத் திருத்தி அமைக்கப்பட்டது. அந்தப் பட வரிசையும் அத்தோடு நின்றது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1960-இல், ஷோச்சிகு நிறுவனத்தின் இளம் இயக்குநர் ஓஷிமா நகிசா ‘இளமையின் கொடூரக் கதை’யையும், சில வாரங்களில் ‘சூரியனின் கல்லறை’யையும் எடுத்தார். இரண்டாவது படத்தின் களம் கமகசாகி, ஒசாகா நகரின் தினக்கூலிகள் வாழும் சேரி. தங்கள் இரத்தத்தை விற்று வாழ்பவர்கள், அவர்கள் மேல் ஆட்சி செலுத்தும் சிறு கும்பல்கள். படகுத்துறையில் கண்ட சூரியனை அவர் அங்கே கொண்டுபோய்ப் புதைத்தார். அடங்காமை பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கில்லை, அது எங்கே வலிக்கிறது பாருங்கள் என்று சொன்ன படம் அது. ‘ஜகாட்’ அந்தப் படத்துக்குத்தான் உறவு. ‘பித்தேறிய கனி’க்கு இல்லை. நம் பிள்ளைகளின் அடங்காமையில் பாய்மரப் படகு எதுவும் இல்லை.

இரண்டு சொற்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சூரியக் குலம் பத்திரிகையில் பிறந்தது. பிள்ளைகள் அதைச் சட்டைபோல மாட்டிக்கொண்டு திரிந்தார்கள், பிறகு கழற்றிப் போட்டார்கள். சில ஆண்டுகளில் இடியோசைக் குலம், மியூகி தெருக் குலம் என்று வேறு பெயர்கள் வந்துவிட்டன. ஜகாட் நம் சமையலறையில் பிறந்து, கழற்ற முடியாமல் ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தது விமர்சகர் இல்லை, பெற்றவர்கள்.

படம் வந்தபின் நடந்ததும் இந்தச் சொல்லின் வரலாற்றில் சேரும். 2016-இல் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய்மொழி அல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்ற ஏற்பாட்டை எதிர்த்து மலாய்க் கலைஞர்கள் பலர் குரல் கொடுத்தார்கள், சிலர் விலகினார்கள். பிரிவுகள் திருத்தப்பட்டன. அதே விழாவில் சிறந்த மலேசியப் படமாக ‘ஜகாட்’ தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு தமிழ்ப் படத்துக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுவே முதல்முறை. மலாயிடம் நாம் வாங்கிய சொல், நம் உச்சரிப்போடு, நம் ககரத்தோடு தேசிய மேடையில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் வெளியான பா. ரஞ்சித்தின் ‘கபாலி’ கோலாலம்பூர்க் கும்பல்களைப் பற்றிப் பேசியது. மலேசியத் திரைகளில் மட்டும் கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்ற வரி கடைசியில் சேர்க்கப்பட்டது. எய்ரினைத் திருத்தியவர்களின் அச்சம்தான் இங்கேயும் தெரிகிறது. படத்தின் முடிவைத் திருத்தினால் பையன்கள் திருந்திவிடுவார்கள் என்று அதிகாரம் எங்கும் நம்புகிறது.

‘ஜகாட்’ அப்படி நம்பவில்லை. ஒரு பையன் கெட்டவனாகிறான் என்பதைவிட, கெட்டவன் என்று அழைக்கப்பட்டு அழைக்கப்பட்டே அந்தப் பெயருக்குள் அவன் குடிபுகுகிறான் என்பதை அது காட்டுகிறது. அதனால்தான் மலேசியத் தமிழில் எடுக்கப்பட்ட படங்களில் இதையே முதலிடத்தில் வைக்கிறேன். தோட்டத்து வாழ்க்கையைச் சொன்ன தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’யும், பிரிக்பீல்ட்ஸைக் களமாகக் கொண்ட அவருடைய ‘சலங்கை’யும் எனக்கு நெருக்கமானவையே. ஆனாலும் நாம் தினமும் வாயில் புரட்டும் ஒரு சொல்லை எடுத்து, நம்மையே கேள்வி கேட்க வைத்தது இந்தப் படம்.

சொல்லை அழிக்கச் சொல்லவில்லை. அது நம் மொழியின் சொத்து; அகராதியில் ஏற வேண்டியது. ஆனால் அதைப் பிள்ளையின் நெற்றியில் எழுத வேண்டாம். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ, வீட்டிலோ வகுப்பிலோ, சுவரேறிக் குதிக்கும் பன்னிரண்டு வயதுக்காரனை அழைக்க நம்மிடம் சேட்டைக்காரன், குறும்பன், வாலு, துடுக்கு என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. பெற்றோரே, ஆசிரியர்களே, அவற்றை எடுத்துப் புழங்குங்கள்.