ஞாயிற்றுக்கிழமை இறங்கிய ரூபாய்

கரன்சி வியாபாரத்தில் வெள்ளி ராத்திரி கணக்கை முடிக்காமல், "திங்கட்கிழமை பாத்துக்கலாம்" என்பவர்களிடம் நான் ஒரு தேதியைச் சொல்வதுண்டு: 1966 ஜூன் 5, ஞாயிறு. வங்கிகள் மூடிக் கிடந்த அன்று நிதியமைச்சர் சச்சீந்திர சௌத்ரி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார். 4.76 ரூபாயாக இருந்த டாலர், மறுநாள் 7.50. இடையில் 5, 6 என்று நின்று இறங்கப் படியே இல்லை.

நாமக்கல் அன்று சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது. அங்கே ஒரு நூற்பாலைக்காரர் வெளிநாட்டு மெஷினுக்கு ஆயிரம் டாலர் பாக்கி வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை அவர் கடன் 4,760 ரூபாய், திங்கட்கிழமை 7,500. நடுவில் அவர் செய்யக்கூடியது எதுவுமில்லை.

ஏன் ஞாயிறு? முன்கூட்டித் தெரிந்தால் எல்லாரும் டாலரைப் பதுக்கிவிடுவார்கள். 1949 செப்டம்பர் 18இல் பிரிட்டன் பவுண்டை இறக்கியதும், 1971 ஆகஸ்ட் 15இல் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

இன்று ரூபாய் விலை தினமும் நகர்கிறது. ஆனாலும் சனி, ஞாயிறு இடைவெளி போய்விடவில்லை. "ஸ்டாப் லாஸ் போட்டிருக்கேனே" என்பார்கள். திங்கள் காலை விலை அந்த எண்ணைத் தாண்டித் திறந்தால், கிடைக்கிற விலைக்குத்தான் அது வெட்டும்.

நாமக்கல் முட்டையை வளைகுடாவுக்கு அனுப்புகிறவர், வரப்போகும் டாலருக்கு வங்கியில் இன்றே விலை பேசி வைத்துக்கொள்ளலாம். அவரிடம் சரக்கு இருக்கிறது. கடன் வாங்கிய பலத்தில் வெறும் ஊகத்தை மட்டும் பிடித்திருப்பவரிடம் என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமையே அதை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.