தலையெழுத்தா, தமனியடைப்பா?

வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டைத் தெருக்களிலே தறியின் ஓசை. திருச்சுழிப் பக்கத்திலே வறண்ட குண்டாறும் கருவேலங்காடும். அங்கே ஓர் உழைப்பாளி, நள்ளிரவிலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறான். வியர்வை வழிகிறது, வலி இடது தோளுக்குத் தாவுகிறது. "வாயுப் பிடிப்பு" என்கிறார் ஒருவர். ஓமத் தண்ணீர் வருகிறது. "விடியட்டும், பார்க்கலாம்" என்கிறார் மற்றொருவர். விடிகிறது, அவனுக்கு அல்ல! "எழுதியது அவ்வளவுதான்" என்று ஊர் கலைகிறது.

எழுதியது யார்? எந்த ஏட்டிலே? கேட்டோமா, தோழர்களே? கேட்டவர்களின் வரலாறுதான் இதய மருத்துவத்தின் வரலாறு!

கி.பி. 2ஆம் நூற்றாண்டிலே கேலன் என்ற மருத்துவர், ஈரலிலே பிறக்கும் குருதி உடலிலே செலவாகித் தீர்ந்துவிடுகிறது என்றார்; இதயத்தின் நடுச்சுவரிலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்றார். பெரியவர் சொன்னார், ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் உலகம் தலையாட்டிற்று! 13ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல் நபீசு, "துளை இல்லை, குருதி நுரையீரல் வழியே செல்கிறது" என்று எழுதினார். கேட்பார் இல்லை. அதே உண்மையைத் தம் சமய நூலிலே எழுதிய செர்வீட்டசு, 1553இல் ஜெனீவாவிலே உயிரோடு கொளுத்தப்பட்டார். மதக் கொள்கையிலே மாறுபட்டார் என்பது குற்றச்சாட்டு. நெருப்போ அவரோடு அவர் ஏட்டையும் தின்றது.

1628இல் வில்லியம் ஆர்வி கணக்குப் போட்டார். அரை மணியிலே இதயம் வெளியேற்றும் குருதி, உடலிலே உள்ள மொத்தக் குருதியை மிஞ்சுகிறது. ஆகவே அது சுற்றித்தான் வரவேண்டும்! வெறும் கணக்கு, வேதவாக்கை வீழ்த்திற்று.

1948இல் அமெரிக்காவின் பிராமிங்காம் நகரிலே 5,209 பேரை ஆராயத் தொடங்கினர்; ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர். இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகை என, குற்றவாளிகள் ஒவ்வொருவராய்ப் பிடிபட்டனர். விதியின் பெயர் அப்பட்டியலிலே இல்லை!

தமிழகம் பின்தங்கவில்லை. 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலே ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். 1975இல் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையிலே டாக்டர் கே.எம். செரியன், அடைபட்ட தமனிக்கு மாற்றுப்பாதை அமைத்தார்.

நகரத்து வெற்றி நாட்டுப்புறத்துக்கு என்ன தரும் என்பீர்கள். 1988இலே வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். மாரடைப்பு வந்த 17,187 பேரை ஆராய்ந்ததிலே, ஆஸ்பிரின் பெற்றோரிடையே இறப்பு நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. மலிவான மாத்திரை! 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம், அந்த அறிவைக் கிராமத்துக்குக் கொண்டு வந்தது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றின் முதல் வேளை மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது அதன் நோக்கம்.

மருந்து வந்துவிட்டது; மனம் வரவேண்டாமா? தமனி அடைபட்டால் இதயத்தசை நிமிடந்தோறும் சாகிறது. மதுரை தொலைவு, ஓமத் தண்ணீருக்கும் விடியலுக்கும் காத்திருந்தால் இன்னும் தொலைவு!

ஆகவே தோழர்களே, படிப்பகத்திலே இதைப் பேசுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால், அந்த நொடியே 108ஐ அழையுங்கள். பீடியை விடச் சொல்லுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். முப்பது வயது கடந்தோரை இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள அழைத்துச் செல்லுங்கள். "தலையெழுத்து" என்று ஊர் கலையும்போது, "எத்தனை மணிக்கு வலி வந்தது? எப்போது புறப்பட்டீர்கள்?" என்று கேளுங்கள்.

அந்தக் கேள்வி, அடுத்த வீட்டு நெஞ்சைக் காக்கும்!