தண்டோராவும் வாட்ஸ்அப்பும்

1975-ல் நான் கல்லூரி மாணவன். பெரியம்மை கண்டவரைப் பற்றித் தகவல் தந்தால் 1000 ரூபாய் பரிசு என்று அரசு அறிவித்திருந்த காலம். அம்மை போட்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையோடு சுகாதாரப் பணியாளர் எங்கள் தெருவுக்கு வருவார். திண்ணையில் உட்கார்ந்து, "இது மாதிரி யாருக்காவது பார்த்தீங்களாம்மா?" என்பார். அம்மா தன் சந்தேகங்களை அவரிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்வாள். அந்த மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது.

45 வருடம் கழித்துக் கொரோனா வந்தது. 2020 மார்ச் 7-ல் தமிழ்நாட்டின் முதல் நோயாளி பற்றிய செய்தியை அமைச்சர் விஜயபாஸ்கர் ட்விட்டரில்தான் சொன்னார். பிறகு தினமும் மாலையில் சுகாதாரத் துறையின் அறிக்கை வரும். மாவட்டவாரியாகக் கணக்கு, ஆங்கிலத்தில். கிரிக்கெட் ஸ்கோர் போலக் காத்திருந்து பார்த்தோம். உலக சுகாதார நிறுவனமும் அந்த மார்ச்சிலேயே வாட்ஸ்அப் வழியாகத் தகவல் தர ஆரம்பித்தது. வதந்தி பெருகவே, ஏப்ரலில் வாட்ஸ்அப் நிறுவனம், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று கட்டுப்பாடு வைத்தது.

அந்த ஒன்று போதும் என்பதை மறு வருடம் நானே நிரூபித்தேன்.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி விடியற்காலையில் போய்விட்டார். 16-ம் தேதியே சுகாதாரச் செயலர் ராதாகிருஷ்ணன் பத்திரிகையாளர்களைக் கூட்டி, ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம், தடுப்பூசி அல்ல என்றார். ஆனால் எனக்கு முதலில் வந்தது, 'ஊசிதான் கொன்றது' என்ற செய்தி. யோசிக்காமல் குடும்பக் குழுவில் போட்டேன்.

அடுத்த வாரம் ஊசி போட இருந்த என் அத்தான், "நீயே அனுப்பியிருக்கியே மாப்ளே" என்று தள்ளிப்போட்டார். மே மாதம் ஆக்ஸிஜன் வைத்துப் பத்து நாள் படுத்திருந்தார். கடவுள் புண்ணியம், பிழைத்தார். அக்டோபரில் மத்திய அரசின் குழுவும் விவேக் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றே முடிவு சொன்னது. அதை யாரும் எனக்கு ஃபார்வர்டு செய்யவில்லை. நான்தான் தேடிப் படித்து, அதே குழுவில் போட்டேன்.

அரசு பதில் சொல்லத்தான் செய்தது, அன்றைக்கே. ஆனால் திண்ணையில் வந்து உட்கார்ந்து பதில் சொல்லும் அந்த ஆள் இல்லை. அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், கையில் கைப்பேசியோடு.