வரியீற்று இடைவெளி

மின்னஞ்சலில் ஒரு வரியின் கடைசி அட்சரத்துக்குப் பின், அவ்வரி முடியுமுன் நிற்கும் வெற்றிடம் வரியீற்று இடைவெளி எனப்படும். கண்ணுக்குப் புலப்படாதது என்பதனாலேயே இது அநாவசியமானது என்று கருதுவது பிழை.

1981-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தையும் யேல் பல்கலைக்கழகத்தையும் இணைத்துத் தொடங்கிய பிட்நெட் வலையில், துளையட்டையின் மரபையொட்டி வரி ஒவ்வொன்றும் 80 அட்சர நீளத்துக்கு இடைவெளிகளால் நிரப்பப்படுவதுண்டு. வேறு வலைகளின் அஞ்சற்கணினிகள் சிலவோ வரியீற்றில் இடைவெளி எதைக் கண்டாலும் துடைத்துவிடும் இயல்பின. ஆதலின் வந்துசேர்ந்த இடைவெளி எழுதியவர் இட்டதா, வழியில் ஒட்டிக்கொண்டதா என்று பெறுபவர் நிர்ணயிக்க வழியிருக்கவில்லை.

இச்சங்கடத்தை 1992-ல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1341 என்னும் இணைய விதி ஆவணம் தீர்த்தது. அது வகுத்த 'குவோட்டட் பிரிண்டபிள்' முறையில், வரியீற்று இடைவெளியை =20 என்று அதன் குறியெண்ணால் வெளிப்படையாக எழுதியாக வேண்டும்; அவ்வாறு எழுதப்படாமல் ஈற்றில் நிற்பதெல்லாம் வழியிற் சேர்ந்ததென்றே கொண்டு நீக்கிவிட வேண்டும். மின்னஞ்சல் விதிகளுள் இத்துணை விவேகமானவை சிலவே.

1999-ல் தோன்றி 2004-ல் ஆர்.எஃப்.சி. 3676 ஆகத் திருத்தம் பெற்ற 'பார்மட் புளோடு' முறையிலோ, வரியீற்று இடைவெளிக்கே ஓர் அர்த்தம் உண்டு: பத்தி இன்னும் முடியவில்லை, அடுத்த வரியோடு சேர்த்துப் படி என்பது அது. வழியில் அவ்விடைவெளி துடைக்கப்பட்டால் பத்தி துண்டு துண்டாகச் சிதறும். சொற்களுக்கிடையே வெளிவிடாத ஜப்பானியம் போன்ற மொழிகளுக்காக, சேர்க்கும்போது அவ்விடைவெளியை நீக்கிவிடும் 'டெல்ஸ்பி' என்னும் ஏற்பாடும் 2004-ல் சேர்ந்தது. ஓலைச்சுவடியில் நம் முன்னோரும் வெளிவிடாமலே எழுதினர் எனினும், இன்றைய தமிழுக்கு அவ்வேற்பாடு ஒவ்வாது.

மடலின் மெய்ம்மையைச் சோதிக்கும் டிகேஐஎம் முத்திரையில் 'ரிலாக்ஸ்டு' முறை வரியீற்று இடைவெளியைப் பொருட்படுத்துவதில்லை. 'சிம்பிள்' முறையிலோ, உள்ளடக்கத்தில் ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் முத்திரை பொய்த்துவிடும்.

தமிழ் மடலில் இக்குறியாக்கம் எவ்வாறு அமைகிறதென்பதற்கு, வசிஷ்ட நதிக்கரையிலுள்ள ஆத்தூரின் பெயரையே கொள்ளலாம். யூனிகோடு முறையில் 'ஆத்தூர்' என்பது ஆ, த, புள்ளி, த, ஊகாரக் குறி, ர, புள்ளி என 7 குறியீடுகள், யூ.டி.எஃப்-8 வடிவில் குறியீட்டுக்கு 3 வீதம் 21 பைட்டுகள். குவோட்டட் பிரிண்டபிள் முறையில் ஒவ்வொரு பைட்டும் 3 அட்சரங்களாக விரிவதால், வரிக்கு 76 அட்சரமே அனுமதிக்கப்படுமிடத்தில் இவ்வூர்ப்பெயர் ஒன்றே 63-ஐக் கொள்கிறது. பேஸ்-64 என்னும் மற்றொரு குறியாக்க முறையில் 28 அட்சரங்களே போதும். அங்கே இடைவெளியும் எழுத்துகளோடு சேர்ந்தே குறியீடாக மாறிவிடுவதால், வழியிலுள்ள அஞ்சற்கணினி துடைப்பதற்கு வரியீற்றில் எதுவும் நிற்பதில்லை.